நெப்ராஸ்காவின் ஏழரைக் கணக்கு

எட்டு, ஏழு, மூன்று, மூன்று, ஏழு, ஐந்து, ஒன்பது, ஏழு, ஏழு.

2021-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்பது ஆட்டங்களில் தோற்றது. மேலே இருப்பவை அந்தத் தோல்விகளின் புள்ளி வித்தியாசங்கள், ஆடிய வரிசைப்படி. பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்றில்தான் வெற்றி. ஆனால் ஒரு தோல்விகூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. இந்த விளையாட்டில் பந்தை எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது டச்டவுன்; அதற்கு ஆறு புள்ளிகள். அதையொட்டிக் கிடைக்கும் கூடுதல் முயற்சியில் ஒன்றோ இரண்டோ சேரும். எட்டுப் புள்ளி வரை பின்தங்கிய அணி, ஒரே ஒரு முறை பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் சமன் செய்துவிடலாம். ஒன்பது தோல்விகளில் எட்டு இந்த எல்லைக்குள் அடங்கியவை. மீதி ஒன்று, ஓஹாயோ ஸ்டேட் அணியிடம் ஒன்பது புள்ளியில் தோற்றது.

மூன்றே வெற்றி பெற்ற அணியைப் பற்றி அதன் ரசிகர்கள் அடுத்த ஒன்பது மாதம் நம்பிக்கையோடு பேசினார்கள். ரசிகர்கள் பேசுவது இயல்பு. கணக்குப் போடத் தெரிந்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டதுதான் இந்த நிகழ்வை ஆராயத் தக்கதாக்குகிறது.

அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் இருபது லட்சம். தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் அங்கே இல்லை. லிங்கன் நகரிலுள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், ஒமாஹா, லிங்கன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் மூன்றாவது பெரிய ‘நகரம்’ அந்த அரங்கம்தான் என்பார்கள். 1962 முதல் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுவிட்டதாகவே கணக்கு. 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து தேசியப் பட்டங்கள். கடைசியாக லீக் பட்டம் வென்றது 1999-இல். பெரிய வீட்டில் பிறந்து நொடித்துப்போனவர்களுக்குப் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்கும் அல்லவா, அந்த மாநிலத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் அந்தப் பத்திரங்களில் ஒன்று. நெப்ராஸ்காவின் வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1997-இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். 2015-இல் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 0-12 என்று முடித்திருந்த மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியைக் கையிலெடுத்து, இரண்டாவது ஆண்டில், அதாவது 2017-இல், 13-0 என்று முடித்துக்காட்டினார். அந்த டிசம்பரில் சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தபோது ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 35 மில்லியன் டாலர். 2018 ஏப்ரலில் நடந்த வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு, அதாவது அணி தன்னைத் தானே எதிர்த்து ஆடும் ஒத்திகைக்கு, 86,818 பேர் வந்தார்கள். வெற்றிதோல்வி எதுவும் எங்கும் பதிவாகாத ஆட்டம் அது.

பிறகு 4-8, 5-7, 3-5, 3-9.

2021 முடிவதற்கு முன்பே, நவம்பர் 8 அன்று, விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் ஒரு முடிவை அறிவித்தார். ஃப்ராஸ்ட் தொடர்வார், ஆனால் சம்பளம் ஐந்து மில்லியனிலிருந்து நான்கு மில்லியனாகக் குறையும், அவரை விலக்கினால் தர வேண்டிய 15 மில்லியன் டாலர் இழப்பீடு 2022 அக்டோபர் 1 முதல் பாதியாகும். அன்றே தாக்குதல் பிரிவின் நான்கு துணைப் பயிற்சியாளர்கள் நீக்கப்பட்டார்கள். இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்பிக்கையின் கணிதம்

2021-இல் நெப்ராஸ்கா எடுத்த புள்ளிகள் 335, கொடுத்தவை 272. ஒன்பது தோல்வி கண்ட அணி மொத்தத்தில் 63 புள்ளிகள் முன்னிலையில் ஆண்டை முடித்திருக்கிறது! எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள விகிதத்தை வைத்து ‘நியாயமாக’ ஓர் அணிக்கு எத்தனை வெற்றி கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. பேஸ்பாலில் தொடங்கி, கால்பந்துக்கு ஏற்ப அடுக்கெண்ணை மாற்றி 2.37 என்று வைத்துக்கொள்கிறார்கள். நெப்ராஸ்காவின் எண்களை அதில் போட்டால் கிடைப்பது ஏறத்தாழ ஏழரை வெற்றி. ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் நம்மூரில் சனீஸ்வரன் நினைவுக்கு வருவார். லிங்கனில் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சூத்திரம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழியும் இருந்தது. நெருக்கமான ஆட்டங்கள் நீண்டகால நோக்கில் பாதிக்குப் பாதி பிரியும் என்பது பொதுவான அனுபவம். எட்டு ஆட்டங்களில் எட்டும் தோற்றது விசித்திரம். அடுத்த ஆண்டு அது நிமிர்ந்துவிடும். எட்டில் நான்கு திரும்பினால், மூன்றும் நான்கும் ஏழு.

இந்த வாதத்தில் எண்பிழை எதுவும் இல்லை. ஆனால் அதே எண்களைப் பிரித்துப் பார்த்தால் வேறு முகம் தெரிகிறது. மூன்று வெற்றிகளின் வித்தியாசம் மட்டும் 119 புள்ளி. அதில் 45 புள்ளி, கீழ்ப்பிரிவில் ஆடும் ஃபோர்டாம் அணியை 52-7 என்று அடித்ததில் வந்தது. பிக் டென் லீக்குக்குள் நடந்த ஒன்பது ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. நார்த்வெஸ்டர்னை 56-7 என்று வீழ்த்தியதில் 49 புள்ளி வரவு. மற்ற எட்டுத் தோல்விகளின் வித்தியாசத்தைக் கூட்டினால் செலவும் மிகச் சரியாக 49. வரவும் செலவும் நேராகி மிச்சம் பூஜ்யம். வெற்றிதோல்விப் பட்டியலிலோ 1-8. இதைப் பார்த்து ‘சராசரி அணி, கெட்ட காலம்’ என்று சொல்லலாம். ‘ஒரு சனிக்கிழமை வெறியோடு ஆடிய அணி, மற்ற எட்டிலும் வெல்ல வழி தெரியாத அணி’ என்றும் சொல்லலாம். எண் இரண்டுக்கும் தலையாட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் ஃப்ராஸ்டின் அணி 2018-இல் 1-5, 2019-இல் 2-4, 2020-இல் 2-3, 2021-இல் 0-8. ஆகமொத்தம் 5-20. நாணயத்தை இருபத்தைந்து முறை சுண்டி ஐந்தோ அதற்குக் குறைவாகவோ பூ விழ வேண்டுமென்றால், ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு வாய்ப்பு. எதிரணிகளில் பல வலுவானவை என்று கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் இது வெறும் துரதிர்ஷ்டமாகத் தெரியவில்லை. நம்பியவர்கள் ஓர் ஆண்டின் எட்டு ஆட்டங்களைப் பார்த்து ‘இது இப்படியே நீடிக்காது’ என்றார்கள். நான்கு ஆண்டுகளாக நீடித்துக்கொண்டிருந்ததைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

எப்படித் தோற்றார்கள்

எண்களை விட்டு மைதானத்துக்குப் போனால் விஷயம் தெளிவாகும். இல்லினாய் ஆட்டத்தில், எதிரணி உதைத்த பந்தைத் தன் கோட்டருகே பிடித்த வீரர் பின்வாங்கித் தன் எல்லைக்குள்ளேயே சென்று, பதற்றத்தில் அதை வெளியே எறிய, எதிரணிக்கு இனாமாக இரண்டு புள்ளி. ஓக்லஹோமா ஆட்டத்தில், டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் உதை தடுக்கப்பட்டு, பந்து மறுமுனைவரை கொண்டுபோகப்பட்டது. அங்கும் இரண்டு புள்ளி. மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நெப்ராஸ்காவின் தற்காப்பு எதிரணியை நகரவிடாமல் கட்டிப்போட்டது என்றே சொல்லலாம். பத்து கெஜம் முன்னேறிப் பெறும் ‘ஃபர்ஸ்ட் டவுன்’ ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. ஏழு புள்ளி முன்னிலை, கடைசி நிமிடங்கள். பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் ‘பன்ட்’டில், உதைத்தவர் பந்தை ஒரு பக்கம் அனுப்ப, விரட்ட வேண்டிய தோழர்கள் மறுபக்கம் ஓடினார்கள். காலியான பக்கத்தில் 62 கெஜம் ஓடி டச்டவுன். கூடுதல் நேரத்தில் தோல்வி. மிச்சிகனுக்கு எதிராக 29-29 என்று நின்றபோது குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் கையிலிருந்து பந்து பறிபோனது. ஒரு ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் மூன்று புள்ளி, கதை முடிந்தது. ஐயோவாவுக்கு எதிராக 21-6 என்று முன்னணியில் இருந்து, ஒரு பன்ட் தடுக்கப்பட்டு டச்டவுனாக மாற, 28-21.

பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதிர்ஷ்டம். உதைப்பவர் ஒரு பக்கமும் விரட்டுபவர்கள் மறுபக்கமும் போவது அதிர்ஷ்டமா? அது செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் சரிசெய்யக்கூடிய பழுது. புள்ளிவிவரச் சூத்திரத்துக்கு இந்த இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் ‘எச்சம்’ என்ற ஒரே பையில் போட்டுவிடும். பையைத் திறந்து பிரித்துப் பார்க்காமல் ‘எச்சம் அடுத்த ஆண்டு சராசரிக்குத் திரும்பும்’ என்று சொல்வதில்தான் பிசகு. அதிர்ஷ்டம் திரும்பும். பழுது தானாகத் திரும்புவதில்லை.

நேர்மையாகச் சொன்னால் நெப்ராஸ்கா நிர்வாகமும் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. உதைப்புப் பிரிவுக்கென்றே பில் புஷ் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். முந்தைய ஆண்டே லீக்கின் சிறந்த உதைப்பாளர் விருது வாங்கியவர் 2021-இல் இலக்குத் தவறிக்கொண்டே இருந்தார். அவர் இடத்துக்கும் புது ஆள் வந்தார்.

ஆட்டமில்லாத ஒன்பது மாதம்

கல்லூரிக் கால்பந்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டே ஆட்டங்கள். ஆறு வென்றால்தான் வழக்கமாக டிசம்பரில் ‘போல்’ என்னும் ஆண்டிறுதிச் சிறப்பு ஆட்டத்துக்கு அழைப்பு வரும். வராத அணிக்கு நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை திரை விழுந்தால் ஆகஸ்ட் கடைசியில்தான் மீண்டும் எழும். அந்த இடைவெளியில் கேள்விக்குப் பதில் சொல்ல மைதானம் இல்லை. வரும் செய்திகள் எல்லாம் புதிதாக வந்தவர்களைப் பற்றியவை. புதிதாக வந்தவர் யாரும் இன்னும் நெப்ராஸ்காவுக்காகத் தோற்கவில்லை.

அந்தக் கோணத்தில் பார்த்தால் 2022-இன் வரவுகள் உண்மையிலேயே கண்ணைப் பறிப்பவை. தாக்குதல் பிரிவுக்கு மார்க் விப்பிள்; முந்தைய ஆண்டு பிட்ஸ்பர்க் தன் லீக்கில் பட்டம் வென்றபோது அதன் தாக்குதலை நடத்தியவர். ஆட்டத்தின்போது அடுத்து என்ன உத்தி என்று அழைக்கும் பொறுப்பையே ஃப்ராஸ்ட் அவரிடம் ஒப்படைத்தார். பந்து பிடிப்பவர்களுக்கு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து (எல்.எஸ்.யு.) மிக்கி ஜோசப். 2021 ஏப்ரலில் விதி தளர்ந்திருந்தது. ஒரு வீரர் ஒரு முறை ஓராண்டு காத்திருக்காமலே கல்லூரி மாறி ஆடலாம் என்று அப்போது ஆகியிருந்தது. அந்தக் கதவு வழியாக டெக்சஸிலிருந்து குவார்ட்டர்பேக் கேசி தாம்ப்சன், எல்.எஸ்.யு.விலிருந்து ட்ரே பாமர், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திலிருந்து (டி.சி.யு.) தற்காப்பு வீரர் ஓஷான் மாத்திஸ். நான்கு ஆண்டுகள் ஆடிய மார்ட்டினெஸ் அதே கதவு வழியாகக் கன்சாஸ் ஸ்டேட்டுக்குப் போனார். அவர் போனதையும் பலர் வரவில்தான் எழுதினார்கள்; முக்கியமான நேரத்தில் பந்தைத் தவறவிடுபவர் இனி இல்லை என்று.

ஆகஸ்டில் ஃப்ராஸ்ட், புதிய லைன் பயிற்சியாளரின் கடுமையைப் பாராட்டும்போது, ஒவ்வொரு பயிற்சியிலும் வீரர்கள் பதினைந்து இருபது முறை வாந்தியெடுப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்னர் விளக்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டமில்லாத காலத்தில் வாந்திகூட முன்னேற்றத்தின் அறிகுறி ஆகிவிடுகிறது.

எல்லாம் மாறியது. பந்து எந்தக் கட்டத்தில் என்ன செய்யப்படும் என்று கடைசி வார்த்தை சொல்பவர் மாறவில்லை.

டப்ளினில் ஒரு சனிக்கிழமை

2022 ஆகஸ்ட் 27, அயர்லாந்தின் அவீவா ஸ்டேடியம். எதிரணி நார்த்வெஸ்டர்ன், 2021-இல் அதுவும் 3-9, நெப்ராஸ்காவிடம் 49 புள்ளியில் அடிவாங்கிய அதே அணி. (அரங்கில் பணம் வாங்கும் இணைய வசதி பழுதடைய, உணவும் பீரும் சிறிது நேரம் இலவசமாகவே போயின. அன்று லிங்கனிலிருந்து போனவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆதாயம்.) மூன்றாம் கால்பகுதியில் நெப்ராஸ்கா 28-17 என்று முன்னேறியது. அடுத்து வழக்கம்போலப் பந்தைத் தொலைவாக உதைத்து ஒப்படைத்திருக்கலாம். ஃப்ராஸ்ட் ஆன்சைடு கிக்குக்கு ஆணையிட்டார்: பந்தைக் குறுகிய தூரம் உதைத்துத் தானே கைப்பற்றும் முயற்சி, பொதுவாகப் பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் செய்வது. நார்த்வெஸ்டர்ன் பந்தை நடுக்களத்தருகே பிடித்தது, டச்டவுன் அடித்தது, பிறகு முந்தியது. நெப்ராஸ்கா அதற்குப் பின் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 31-28. ஆட்ட வேகம் தங்கள் பக்கம் இருந்ததால் எதிரணியை அங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்ததாகவும், திரும்பச் செய்ய முடிந்தால் அப்படிச் செய்யமாட்டேன் என்றும் ஃப்ராஸ்ட் பிறகு ஒப்புக்கொண்டார்.

நார்த்வெஸ்டர்ன் அதன் பிறகு ஆடிய பதினோரு ஆட்டங்களிலும் தோற்றது. ஆண்டு முழுதும் அதற்குக் கிடைத்த ஒரே வெற்றி டப்ளின் வெற்றிதான்.

இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 10, சொந்த அரங்கில் ஜார்ஜியா சதர்ன். அதுவும் 2021-இல் 3-9 தான். ஆனால் புதிய தலைமைப் பயிற்சியாளரோடு வந்திருந்தது. விப்பிளின் தாக்குதல் சொன்னபடி நடந்தது, 42 புள்ளி எடுத்தது. தற்காப்பு 642 கெஜம் கொடுத்தது. 36 விநாடிகள் மிச்சமிருக்கையில் எதிரணி குவார்ட்டர்பேக் தானே ஓடி டச்டவுன் அடித்தார். 45-42. நெருக்கமான ஆட்டங்களில் ஃப்ராஸ்டின் கணக்கு 5-22 ஆனது.

மறுநாள் அவர் நீக்கப்பட்டார். இன்னும் இருபது நாள் பொறுத்திருந்தால் பல்கலைக்கழகத்துக்கு ஏழரை மில்லியன் டாலர் மிச்சமாகியிருக்கும். மறுபடியும் ஏழரை.

இடைக்காலப் பொறுப்பேற்ற மிக்கி ஜோசப்புடன் ஆண்டு 4-8 என்று முடிந்தது. வரவுகள் பொய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ட்ரே பாமர் 1,043 கெஜம் பிடித்து, ஓர் ஆண்டுக்கான பள்ளிச் சாதனையையே உடைத்தார். நம்பிக்கைக்குக் காரணமாகக் காட்டப்பட்டவர்களில் சிலர் சொன்னதைச் செய்தார்கள். அணி ஒரே ஒரு வெற்றிதான் கூடுதலாகப் பெற்றது.

அதே ஆண்டு, தெற்கே

நெப்ராஸ்காவை மட்டும் பார்த்து ‘ஆட்டமில்லாத காலத்து நம்பிக்கை எல்லாம் கானல்நீர்’ என்று முடிவுகட்டியிருப்பேன், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரத்து டி.சி.யு. இல்லாவிட்டால். 2021-இல் அது 5-7. பிக் ட்வெல்வ் லீக்கின் பத்து அணிகளில் அதற்கு ஏழாம் இடம் என்று செய்தியாளர்கள் கணித்தார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் சன்னி டைக்ஸ் தொடக்க ஆட்டத்தில் மேக்ஸ் டகனை முதல் குவார்ட்டர்பேக்காகக்கூட இறக்கவில்லை. இறங்கியவர் காயமடைந்த பிறகு உள்ளே வந்த டகன், ஆண்டிறுதியில், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பிடித்தார். அணி வழக்கமான பன்னிரண்டு ஆட்டங்களையும் வென்று, மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தி, தேசிய இறுதியாட்டம் வரை போனது. அங்கே ஜார்ஜியாவிடம் 65-7.

டி.சி.யு.வும் நெருக்கமான ஆட்டங்களில்தான் வாழ்ந்தது. பேலருக்கு எதிராக இரண்டு புள்ளி பின்தங்கி, கடைசி விநாடிகளில், நிறுத்தி மூச்சுவிட டைம்-அவுட் எதுவும் மிச்சமில்லாத நிலை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, உதைப்பு அணி ஓடிவந்து வரிசையில் நின்று 40 கெஜத்திலிருந்து உதைத்து 29-28 என்று வென்றது. அந்த ஓட்டத்தைப் பயிற்சியில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் ஒரு பக்கம் உதைத்து மறுபக்கம் ஓடிய கூட்டத்தை இதனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் எத்தனை பங்கு பயிற்சி, எத்தனை பங்கு அதிர்ஷ்டம்? அடுத்த ஆண்டு டி.சி.யு. மறுபடி 5-7. ஆகவே இரண்டும் இருந்திருக்கின்றன. என்ன விகிதம் என்று ஆகஸ்டில் யாராவது அளந்து சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மாத்திஸ் விட்டுவந்த அணிதான் அந்த டி.சி.யு. நெப்ராஸ்கா வரவில் எழுதிய அந்தப் பிரிவு, மார்ட்டினெஸின் பிரிவு, அதைவிடக் கசப்பானது. செப்டம்பர் 17 அன்று ஓக்லஹோமா லிங்கனுக்கு வந்து நெப்ராஸ்காவை 49-14 என்று அடித்தது. ஒரு வாரம் கழித்து அதே ஓக்லஹோமாவை அதன் சொந்த மண்ணில் கன்சாஸ் ஸ்டேட் 41-34 என்று வென்றது. மார்ட்டினெஸ் தன் காலாலேயே நான்கு டச்டவுன் ஓடினார். பின்னர் அவர் காயமடைந்து ஒதுங்கினாலும், லீக் இறுதியில் டி.சி.யு.வை வீழ்த்திப் பட்டம் வென்றது அவருடைய புதிய அணி. பழுது என்று நெப்ராஸ்கா கழற்றிப்போட்ட உறுப்பு வேறு வண்டியில் நன்றாகவே ஓடியது.

அதற்குப் பிறகு

மேட் ரூல் எட்டு ஆண்டு, 74 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் நெப்ராஸ்காவின் பயிற்சியாளராக வந்தார். முதல் ஆண்டு, 2023, பழைய படத்தின் மறுவெளியீடு: இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் ‘போல்’ ஆட்டம் என்ற நிலையில் கடைசி நான்கு ஆட்டங்களையும் மூன்று, மூன்று, ஏழு, மூன்று என்ற வித்தியாசங்களில் தோற்று 5-7. பயிற்சியாளர் மாறினால் பழுது நீங்கும் என்ற என் வாதத்துக்கு அந்த நவம்பர் ஒரு சவுக்கடி, மறைப்பதற்கில்லை. 2024-இல்தான் 7-6 என்று நிமிர்ந்து, 2016-க்குப் பிறகு முதல் முறையாக ‘போல்’ ஆட்டத்துக்குப் போய், பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றார்கள்.

2025 பிப்ரவரியில் ரூல் வழக்கமான வசந்தகால ஆட்டத்தை நிறுத்தினார். முந்தைய ஆண்டு அது தொலைக்காட்சியில் வந்ததால், தன் வீரர்களைப் பார்த்து மற்றக் கல்லூரிகள் வலை வீசியதாகக் காரணம் சொன்னார். 86,818 பேர் நம்பிக்கையைப் பார்க்க வந்த அதே அரங்கில், அந்த ஏப்ரலில், முழு ஆட்டத்துக்குப் பதிலாகத் திறன் போட்டிகள் நடந்தன.